மனசுக்கும் ஒரு நாற்காலி

விடியற்காலை ஐந்து மணிக்கு ஓசூர் பஸ் நிலையத்துப் பக்கம் நீங்கள் நின்று பார்த்ததுண்டா? இல்லையென்றால் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பெங்களூர்க் குளிர் நாற்பது கிலோமீட்டர் நடந்து, எல்லையைத் தாண்டி இங்கே வந்து குடியேறிவிட்டது போல் இருக்கும். அந்தக் குளிரில் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாகப் பெண்கள் சாரி சாரியாக வந்து நிற்பார்கள். கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகும். சிறிது நேரத்துக்கெல்லாம் இரவு ஷிப்டு முடிந்த பெண்களை வேறு பஸ்கள் கொண்டுவந்து இறக்கிவிடும். போகிறவர்கள் முகத்திலும் தூக்கம். வருகிறவர்கள் முகத்திலும் தூக்கம்.

"பத்திரிகைக்காரிக்கு விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் என்ன வேலை?" என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். சென்ற மாதம் நாலு நாள் லீவு போட்டுவிட்டு, ஓசூரில் இருக்கும் என் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு எடுத்துக்கொள்ளத்தான் போனேன். ஓய்வு கிடைக்கவில்லை, இந்தக் கட்டுரைதான் கிடைத்தது.

அத்தை வீட்டு மாடியில் நாலு பெண்கள் குடியிருக்கிறார்கள். நால்வரும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களில் ஒருத்தி என் பெரியம்மாவின் பேத்தி. ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். எனக்கு அக்கா மகள் முறை. வயது இருபத்தொன்று. சின்ன வயசில் வாய் ஓயாமல் பேசுவாள். மாமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே போகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கலாட்டா செய்வாள்.

அந்தப் பெண்ணா இவள் என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்தவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை நாலு இட்லியும் சட்னியும் வைத்துத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். தட்டு மடியில் இருக்கிறது. கை தட்டுக்குப் போகவில்லை.

"என்னடி, வேலை ரொம்பக் கஷ்டமா?" என்றாள் அத்தை.

"இல்லை பாட்டி. தூக்கம், அவ்வளவுதான்."

அந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்து அவள் அம்மா போன் செய்தாள். "நல்லா இருக்கேம்மா... சாப்பிட்டேம்மா... இப்பத்தான் சாப்பிட்டு எழுந்திரிச்சேன்" என்றாள் பெண். மடியில் நாலு இட்லியும் வைத்தது வைத்தபடியே இருந்தன.

மூன்றாம் நாள் சாயங்காலம், மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது அவளாகவே வாயைத் திறந்தாள்.

"வேலை கஷ்டம் இல்லை சித்தி. நிக்கறது பழகிப் போச்சு. ராத்திரி முழிக்கறதும் பழகிப் போச்சு. ஆனா, அழுகை வந்தா எங்கே போய் அழறதுன்னுதான் தெரியலை."

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய அப்பாவைப் பெற்ற பாட்டி காலமாகிவிட்டாள். இவளை எடுத்து வளர்த்தவள் அந்தப் பாட்டிதான். இரண்டு நாள் லீவில் போய்க் காரியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அதிலிருந்து பகலில் தூக்கம் வருவதில்லை. தூக்கம் இல்லாததால் ராத்திரியில் கை ஓடுவதில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் பகல் ஷிப்டில் போடச் சொல்லித் தன் லைன் லீடரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"எல்லார் வீட்டிலேயும்தான் ஏதாவது இருக்கும். அதையெல்லாம் கேட்டுக்கு வெளியே விட்டுட்டு வரணும்னு சொன்னாங்க."

நேயர்களே, இதைக் கேட்டதும் எனக்கு அந்த லைன் லீடர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையிலிருந்த துணியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால், அந்த வாக்கியம் என்னுடைய வாக்கியம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஆபீஸில், என் கீழே வேலை பழக ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல கெட்டிக்காரி. ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "அக்கா, ஒரு நாலு நாள் வேணும். வீட்டிலே கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள். அது விசேஷ மலர் தயாராகிக்கொண்டிருந்த வாரம். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எல்லார் வீட்டிலும்தான் ஏதாவது இருக்கும். மலர் முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். அவள் "சரி அக்கா" என்று போய்விட்டாள். மலர் வெகு அழகாக வந்தது. அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். வீட்டில் என்ன என்று அன்றும் நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அன்று அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே காலி நாற்காலி இருந்தது. "உட்காரம்மா" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாற்காலி அன்று ராத்திரி முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் விடியற்காலை அவள் கூடவே பஸ் ஸ்டாண்டு வரை போனதும் அதனால்தான். அவள் அன்றைக்குக் காலை ஷிப்டுக்கு ஒரு நாள் மட்டும் மாற்றிப் போடப்பட்டிருந்தாள்.

*

நாற்காலி என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. துணிக்கடைகளில் நமக்குப் புடவை எடுத்துப் போடும் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே இருந்தார்கள் அல்லவா? அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018ஆம் வருஷமும், நம் தமிழ்நாட்டில் 2021ஆம் வருஷமும் சட்டம் செய்தார்கள். தொழிற்சாலைகளுக்கு அதற்கு வெகு முன்பே, 1948ஆம் வருஷச் சட்டத்திலேயே, நின்று வேலை செய்கிறவர்கள் சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். சாப்பாட்டு அறை, ஓய்வறை, கைக்குழந்தைகளுக்குக் காப்பகம் எல்லாம் அதில் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் இவை உண்டு.

இவற்றில் எதுவும் தானாக வந்துவிடவில்லை. 1918ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், சென்னைப் பட்டணத்து மில் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் நாட்டில் ஒழுங்கான முறையில் அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். அங்கே எழுந்த முதல் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானம் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பதுதான்! அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓட வேண்டியிருக்கிறது என்று யாரோ வாயைத் திறந்து சொன்னார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்க இரண்டு பேர் இருந்தார்கள்.

பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்று 1948ஆம் வருஷச் சட்டம் தடுத்திருந்தது. 2000ஆம் வருஷத்தில் சென்னை உயர்நீதிமன்றம், பாதுகாப்பு, போக்குவரத்து முதலிய நிபந்தனைகளை விதித்து, அந்தத் தடையை நீக்கியது. பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், ராத்திரி ஷிப்டுக்கு பஸ் கொடுக்கலாம், காவலாளி போடலாம். ராத்திரி மூன்று மணிக்குப் பாட்டியின் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தால், அதற்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு?

கால் வலிக்கு நாற்காலி கொடுத்துவிட்டோம். மனசு வலித்தால் அது உட்கார ஒரு நாற்காலி வேண்டாமா?

*

அப்படி ஒரு நாற்காலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைபேசித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய்ப் பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 2025 நவம்பரில், இதே ஓசூருக்கு அருகில் நாகமங்கலத்தில், பெண்கள் விடுதிக் குளியலறையில் ரகசியக் காமிரா இருந்தது தெரியவந்து, பெண்கள் ராத்திரி வேளையில் வெளியே வந்து போராடினார்கள். போலீஸார் கைது நடவடிக்கை எடுத்தார்கள்.

சாதாரணமாக இந்தப் பெண்கள் தெருவில் இறங்குகிறவர்களா? "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிப் பழகினவர்கள். உள்ளே சொல்ல இடம் இல்லாத பேச்சு ஒரு நாள் தெருவுக்கு வரத்தான் செய்யும். வந்ததில் பலனும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படி சர்க்கார் கட்டிய பெரிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆனால், சாலை மறியல் வரைக்கும் போய்த்தான் ஒரு பெண் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டுமா?

இந்த ஓசூரிலேயே வேறு விதமாக யோசித்தவர்களும் உண்டு. 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மொபெட், பிறகு கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. 1980களில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஆரம்பித்தபோது, பள்ளிக்கூடப் படிப்பை அப்போதுதான் முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைகள். முதல் தடவையாக அம்மாவை விட்டு வந்தவர்கள். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததோடு நிற்காமல், பெற்றோர் ஸ்தானத்திலிருந்து கவனித்துக்கொள்ளப் பெரியவர்களையும் ஏற்பாடு செய்தார்கள். நுணுக்கமான கடிகாரச் சக்கரத்தைப் பூட்டுகிற கை நடுங்காமல் இருக்க வேண்டுமானால், மனசு நடுங்காமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதைத் தர்மம் என்றும் சொல்லலாம். நல்ல வியாபாரம் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் சம்மதமே.

வியாபாரக் கணக்கே வேண்டுமென்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. மனச்சோர்வாலும் மனப்பதற்றத்தாலும் உலகத்தில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2022 செப்டம்பரில் அந்த நிறுவனம் வேலை செய்யும் இடத்தில் மனநலம் பற்றிச் சில யோசனைகளை வெளியிட்டது. அவற்றில் என் மனசைத் தொட்டது ஒன்று: மேலே இருந்து வேலை வாங்குகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது. கீழே இருக்கிறவருக்கு மட்டும் "மனசைத் திடமாக வைத்துக்கொள்" என்று உபதேசம் செய்வது போதாதாம். வேலையின் பளு, நேரம், நடத்துகிற விதம் இவற்றையும் சீர்படுத்த வேண்டுமாம்.

நியாயம்தானே? ஆபீஸ்களில் இப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள் யோகாசனம் சொல்லித் தருகிறார்கள். சுவரில் "புன்னகை செய்யுங்கள்" என்று படம் ஒட்டுகிறார்கள். நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், அந்தப் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு ஒருத்தி "முடியவில்லை" என்று சொல்லும்போது, எதிரே இருப்பவர் தலையை நிமிர்த்துகிறாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*

பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அந்த லைன் லீடரைப் பற்றி என் அக்கா மகளிடம் கேட்டேன்.

"அவங்களும் பாவம்தான் சித்தி. என்னைவிட மூணு வயசுதான் பெரியவங்க. மணிக்கு இத்தனைன்னு தலைக்கு மேலே போர்டு ஓடிக்கிட்டே இருக்கு. குறைஞ்சா அவங்களைத்தான் கேப்பாங்க. அவங்க யார்கிட்டே போய்ச் சொல்வாங்க?"

இருபத்தொரு வயசுப் பெண், தன்னைக் கடிந்து பேசியவளுக்காக வாதாடினாள். முப்பதைத் தாண்டிய எனக்கு இது தோன்றவில்லை. பேச்சுவாக்கில் இன்னொரு விஷயமும் சொன்னாள். முந்தின நாள் ஷிப்டு முடிகிற சமயம் அதே லைன் லீடர் இவளிடம் வந்து, "ஒரு நாள்தான் மாத்த முடிஞ்சது. அதுக்கு மேலே என் கையிலே இல்லை. ராத்திரி தூங்கினியான்னு நாளைக்கு வந்து சொல்லு" என்றாளாம். மேலே இருந்து யாரும் அவளுக்குப் பயிற்சி கொடுத்ததாகத் தெரியவில்லை. அவளுக்கும் அன்று தூக்கம் வந்திருக்காது போலும்.

ஒரு நாள் ஷிப்டு மாற்றத்தால் பெரிய துக்கம் தீர்ந்துவிடாது. ஆனால், "நாளைக்கு வந்து சொல்லு" என்றாள் பாருங்கள், அதுதான் நான் சொல்கிற நாற்காலி.

யாருமே கேட்க இல்லாத நேரங்களுக்கும் ஒரு வழி உண்டு. பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரியை மையமாக வைத்து, 2022 அக்டோபர் 10ஆம் தேதி 'டெலி மானஸ்' என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார்கள். எண் 14416. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருபது பாஷைகளில் பேசலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற ஓசூருக்கு இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். சோறு எந்த ஊர்ச் சோறானாலும் சாப்பிட்டுவிடலாம். அழுவதற்குத் தாய்பாஷை வேண்டுமல்லவா? இந்த எண்ணைக் காலண்டரின் ஓரத்தில் இப்போதே குறித்துவையுங்கள். நமக்கு வேண்டியிராவிட்டாலும் பக்கத்து வீட்டுக்கு வேண்டியிருக்கலாம்.

சகோதரிகளே, இதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வேலைக்குப் போகும் மகள் உங்களுக்கு இருந்தால், "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு போனை வைத்துவிடாதீர்கள். "உன் கூட வேலை பார்க்கிறவர்களில் உனக்குப் பிடித்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வந்தால் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம். வரவில்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், நம் வீட்டுக்கே பாத்திரம் தேய்க்க ஒருத்தி வருகிறாளே, அவளுக்கு நம் வீடு வேலை செய்யும் இடம்தானே? இரண்டு நாள் வராமல் மூன்றாம் நாள் வந்து நின்றால், "ஏன் வரவில்லை?" என்று கேட்கிறோம். அதே வாயால், முதலில் "என்ன ஆச்சு? உட்கார்" என்று சொல்லலாம். பாத்திரம் ஐந்து நிமிஷம் காத்திருக்கும்.

*

பட்டணம் திரும்பியதும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். என்னிடம் வேலை பழகினவளுக்குத்தான். எண் மாறியிருக்குமோ என்று பயந்தேன், மாறியிருக்கவில்லை. என்ன பேசுவது என்று தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அவள் "ஹலோ" என்றதும் தாளில் இருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

"அன்றைக்கு வீட்டில் என்னம்மா நடந்தது? நான் கேட்கவே இல்லையே" என்றேன்.

சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடைய விஷயம். நாலு நாள் லீவில் தீர்ந்திருக்கக் கூடிய சங்கதி அல்ல அது. ஆனாலும், அந்த நாலு நாள் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்குப் புரிந்தது. "மன்னித்துவிடு" என்றேன். "பரவாயில்லை அக்கா" என்றாள். பரவாயில்லை என்று நாம் எப்போது சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியாததா? முழுக்கப் பரவாயில்லாமல் போகும்போது அந்த வார்த்தை வருவதில்லை.

போனை வைக்கப் போகும் சமயம் அவள் கேட்டாள்: "அக்கா, நீங்க எப்படி இருக்கீங்க?"

பதினோரு வருஷமாகப் பத்திரிகை ஆபீஸ்களில் வேலை பார்க்கிறேன். தினம் பத்துப் பேர் என்னை இப்படிக் கேட்கிறார்கள். நானும் நடந்துகொண்டே "சௌக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். அன்று மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உனக்கு நேரம் இருக்கிறதா அம்மா?" என்றேன்.

"இருக்கு அக்கா, சொல்லுங்க" என்றாள்.